ஆழ்துறையின் கோப்பு

அந்தக் கோப்பைத் தயாரிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. புதுக்கடை சந்தைக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த டி.டி.பி. சென்டரில், முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் உட்கார்ந்து செய்தேன். ஒரு விளையாட்டுக்காகத்தான் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நான் இதைச் சொன்னபோது, நம்ப வேண்டிய ஒருவர் நம்பவில்லை.

சுனாமி வந்து இரண்டு மூன்று வருடங்கள் கழிந்திருந்த காலம். பெங்களூரில் படித்துவிட்டு வந்து மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஒரு நண்பன், தடிமனான ஒரு ஆங்கிலப் புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதியைக் காட்டினான். சூப்பர் ஹீரோ விளையாட்டின் விதிப்புத்தகம். பலகை கிடையாது, காய்கள் கிடையாது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஹீரோவை உருவாக்கி, அவன் என்ன பேசுகிறான், என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடிப் பார்த்த பிறகு ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

நாங்கள் நான்கு பேர். வகுப்பு நடத்துகிறவன், தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்த ஒரு பெண், மொபைல் கடையில் வேலை பார்த்த என் நண்பன், நான். சர்ச்சில் காலைப் பூசை, மதியச் சாப்பாடு எல்லாம் முடித்துவிட்டு வகுப்பு நடக்கும் மாடி அறையில் கூடுவோம். கீழே ஹைவேயில் கேரளா பஸ்கள் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போகும். ஜன்னலைச் சாத்தினால் வேகும், திறந்தால் பேச்சு கேட்காது. கதையை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. மற்ற மூவருக்கும் ஹீரோவாக இருக்கத்தான் ஆசை.

அந்தப் புத்தகத்தில் உளவு நிறுவனங்களுக்கென்று ஒரு தனி அத்தியாயம் இருந்தது. சூப்பர் ஹீரோக்கள் வாழும் உலகத்தில் அரசாங்கத்துக்கும் தெரியாத ஒரு உளவுத்துறை இருந்தே ஆக வேண்டும் என்று அது சொன்னது. பறக்கத் தெரிந்தவனுக்கும் எங்கே பறக்க வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டுமே. அந்தத் துறையிடம் எல்லோரைப் பற்றியும் கோப்பு இருக்கும். ஹீரோக்களுக்கு வேண்டிய ஒன்று அதற்கு எப்போதும் தெரிந்திருக்கும், முழுதாகச் சொல்லவே சொல்லாது. யார் கேட்டாலும் அப்படி ஒரு துறையே இல்லை என்று மறுக்கும். இதையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்தேன். எங்கள் கதைக்கு நான் ஒரு துறையை உருவாக்கினேன். பெயர் ஆழ்துறை. அதன் தலைமையகம் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் தூண் ஒன்றுக்குள் இருந்தது. அதன் இயக்குநர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எண்ணிப் பேசுவார். அவருடைய குரலை நான் மொபைல் கம்பெனியின் பதிவு செய்த குரலிலிருந்து எடுத்தேன். லேப் பெண்ணுக்கு அது கேட்டாலே எரிச்சல்.

உளவுத்துறை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரில் தெரியாதது கிடையாது. யார் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள், யார் யார் மேல் பெட்டிஷன் எழுதுகிறார்கள், எந்த வீட்டில் மாப்பிள்ளை தேடுகிறார்கள், எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே ஒரு அதிகாரமாக மாறியது.

மொபைல் கடை நண்பனை எனக்குத் தெரிந்ததே இந்த வேலையால்தான். அவன் தேங்காப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம், கடற்கரையில் ஒரு ஊர்க்காரன். சுனாமிக்கு மறு வருடம் அவனுடைய அப்பா கொச்சியிலிருந்து சுறா பிடிக்கப் போன படகில் போனார். ஒன்பது பேர். படகு திரும்பவில்லை. மற்ற படகுகள் தேடிப் போயின. ஒரு தண்ணீர் கேன்கூடக் கிடைக்கவில்லை. அப்போது அவன் தன் அப்பாவின் கல்யாணப் போட்டோவோடு எங்கள் சென்டருக்கு வந்தான். 'காணவில்லை' என்று தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன். பலர் நின்ற அந்தப் போட்டோவிலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். அவன் பக்கத்திலேயே நின்றான். முடிந்ததும், "அப்பா இதுல சிரிக்கியாரு, இல்லியா?" என்று மட்டும் கேட்டான். அதற்கு அப்புறம் கடைக்குப் போகும்போதெல்லாம் பேசுவோம். நான்தான் அவனை விளையாட்டுக்கு அழைத்து வந்தேன்.

அவன் உருவாக்கிய ஹீரோவுக்குக் கடலுக்கு அடியில் எவ்வளவு தூரத்தில் சத்தம் கேட்டாலும் கேட்கும். ஹீரோவின் முன்கதையை எழுத வேண்டிய இடத்தில், 'அப்பா படகில் போனார், வரவில்லை' என்று எழுதி, அப்பாவின் உண்மையான பெயரையே போட்டிருந்தான். நாங்கள் மூவரும் வாசித்தோம். வாசித்துவிட்டு ஆட்டத்தை ஆரம்பித்தோம். மாதக் கணக்கில் அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை. நன்றாக ஆடினான். சிரிக்க வைப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதையில் ஹீரோக்கள் மூவரும் முதல்முறையாக ஆழ்துறை இயக்குநரின் அறைக்குள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். மற்ற இருவரும் வில்லனைப் பற்றித்தான் கேட்டார்கள். அவன் முறை வந்ததும் என்னை நேராகப் பார்த்தான்.

"எனக்க அப்பாவப் பத்தி உங்கள்ட்ட ஃபைல் இருக்கா?"

நான் இயக்குநரின் குரலில், "பகடையைப் போடு," என்றேன். அந்த இடத்தில் விளையாட்டை நிறுத்தியிருக்கலாம். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் போட்டான். மிக உயர்ந்த எண் விழுந்தது. அப்படி விழுந்தால் கேட்டது கிடைத்தே ஆக வேண்டும் என்பது விதி.

"இருக்கு," என்றேன். "அடுத்த வாரம் உன் கைக்கு வரும்."

அப்படித்தான் அந்த மதியம் உட்கார்ந்தேன். கணினியில் தேடியபோது, 'காணவில்லை' நோட்டீசுக்காக வெட்டிய போட்டோ பழைய ஃபோல்டரில் அப்படியே இருந்தது. மேலே ஒரு முத்திரை வரைந்தேன், கண்ணும் அதைச் சுற்றி அலைகளும். 'மிக இரகசியம்' என்று சிவப்பில் போட்டேன். அரசாங்கக் கடிதங்களை நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்தவன் நான். பார்வை எண் எங்கே வர வேண்டும், நகல் யாருக்கு என்று எங்கே போட வேண்டும், எல்லாம் தெரியும். பெயர், ஊர், படகு, கடைசியாகப் பார்த்த இடம். கடைசியில் இரண்டு வரி.

நிலை: உயிருடன்.
இருப்பிடம்: வெளியிட அனுமதி இல்லை.

இறந்துவிட்டார் என்று எழுதினால் கதை அங்கேயே முடிந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையாகவே அவ்வளவுதான் நினைத்தேன். கதையை நடத்துகிறவன் அப்படித்தான் யோசிப்பான். கெட்டித் தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, சீல் வைத்த மாதிரி ஓரத்தில் மையை லேசாகத் தேய்த்துவிட்டேன். அழகாக வந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் அவன் முன்னால் வைத்தேன். போட்டோவை அவன் எதிர்பார்க்கவில்லை. லேப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்டே. எடுத்து உள்ள வய்யி," என்று என்னிடம் சொன்னாள். அவன் தலையை நிமிர்த்தாமல், "இல்ல, நல்லாருக்கு. இருக்கட்டும்," என்றான். அன்று அவன் ஆடியதுபோல் யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. அவனுடைய ஹீரோ இயக்குநரின் சட்டையைப் பிடித்தான். சாயங்காலம் கிளம்பும்போது, "இத நான் கொண்டு போட்டா?" என்று கேட்டான். கொண்டுபோகச் சொன்னேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சென்டர் திறந்த கையோடு ஒரு அம்மா வந்தார். வெள்ளையில் நீலப்பூ போட்ட சேலை, கழுத்தில் ஜெபமாலை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். மகன் நோட்டீஸ் அடித்த கடை இதுதான் என்று விசாரித்து வந்திருந்தார். அவரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கவருக்குள்ளிருந்து அவர் எடுத்ததைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்தது.

"மக்களே, இதுல பத்து காப்பி எடுத்துத் தா. மடங்காம எடு, கேட்டியா."

நான் கையை நீட்டவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கவர்மெண்டுல இருந்து ரகசியமா வந்தது. மவன் பெட்டிக்க அடியில மறைச்சு வச்சிருந்தான். மவதான் வாசிச்சுக் காட்டினா. உயிரோட இருக்காருண்ணு போட்டிருக்கு, பாத்தியா? கலெக்டருக்கு ஒண்ணு, பிஷப்புக்கு ஒண்ணு..."

முதலாளி பின்னால் நின்று பேப்பர் பண்டலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், "பத்தா?" என்றுதான் வந்தது. மெஷின் ஒவ்வொரு தாளாகத் துப்பியது. சூடாக இருந்த நகல்களை அவர் புடவைத் தலைப்பால் துடைத்துக் கவருக்குள் வைத்தார். உயிருள்ள ஒருவர் மேல் கை வைப்பதுபோல் மெதுவாக வைத்தார்.

அவர் பஸ் ஏறியதும் நான் லீவு சொல்லிவிட்டு மார்த்தாண்டம் போனேன். நண்பன் வேலை பார்த்த மொபைல் கடைக்குப் பின்னால், சார்ஜர் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்று பேசினோம். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நான் சொல்லியாச்சுடே. அது விளையாட்டு, எனக்க கூட்டுக்காரன் அடிச்சதுண்ணு சொன்னேன். அம்மா நம்பல்ல."

"ஏன் நம்பல்ல?"

"ரகசியம்னு செவப்புல போட்டிருக்குல்லா. அப்ப மவன் மறைக்கத்தானே செய்வான்னு சொல்லுதாவ."

பத்துப் பன்னிரண்டு நாட்களில் அந்த அம்மா எல்லா ஆபீசுக்கும் போய் வந்துவிட்டார். அப்படி ஒரு துறையே கிடையாதம்மா என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். நல்லவிதமாகத்தான் சொன்னார்களாம். ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துச் சொன்னாராம். வீட்டுக்கு வந்த அம்மா, "இல்லண்ணுதானே சொல்லுவாவ," என்று சொல்லிவிட்டு மீன் கழுவ உட்கார்ந்தார் என்று நண்பன் சொன்னான். யார் கேட்டாலும் மறுக்கும் என்று நான் அடிக்கோடிட்ட வரியை அந்த அம்மா வாசித்ததே இல்லை. மறுக்க மறுக்க அந்தத் துறை அவருக்கு உறுதியாகிக்கொண்டே போனது.

நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்று தோன்றியது. அதே முத்திரை, அதே சிவப்பு எழுத்து, என் பெயர், என் போட்டோ என்று இன்னொரு கோப்பு அடித்தேன். 'நிலை: காணவில்லை' என்று எனக்கு நானே போட்டுக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை பகலில் நண்பனோடு அவன் வீட்டுக்குப் போனேன். கடல் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. பேசும்போது நடுநடுவே நிறுத்த வேண்டியிருந்தது, அவ்வளவு இரைச்சல். அவனுடைய தங்கை பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"அம்மா, ரெண்டும் நான் அடிச்சது. எனக்க கம்ப்யூட்டர்ல. நான் காணாமப் போகல்ல, இந்தா முன்னால இருக்கேன். இது பொய்ம்மா. நான் செஞ்சது தப்பு."

அவர் என்னையும் தாளில் இருந்த என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்ப உனக்கு அங்கதான் வேலையா, மக்களே?"

"இல்லம்மா..."

"செரி. சொல்லாண்டாம். எங்க இருக்காருண்ணு நான் கேக்கல்ல. நல்லா இருக்காரா? அத மட்டும் சொல்லு."

நண்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். தங்கை அழ ஆரம்பித்தாள். இல்லை என்று சொல்லவும் ஆம் என்று சொல்லவும் எனக்கு உரிமை கிடையாது. "எனக்குத் தெரியாதும்மா," என்றேன். நான் சொன்னதிலேயே அது ஒன்றுதான் முழு உண்மை. அவர் தலையை ஆட்டினார். வேலையில் இருப்பவன் அதற்கு மேல் சொல்ல முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது போல ஆட்டினார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆடவில்லை. யாரும் நிறுத்தலாம் என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிறு நான் போகவில்லை, அடுத்த ஞாயிறு லேப் பெண்ணுக்கு டியூட்டி, அப்படியே போய்விட்டது. ஜெராக்ஸ் புத்தகம் வகுப்பு நடத்துகிறவனிடமே இருந்தது. நண்பன் அடுத்த வருடம் மஸ்கட் போனான்.

அவனுடைய அம்மா புதுக்கடைக்கு வரும்போதெல்லாம் சென்டருக்கு வருவார். ஒன்றும் கேட்க மாட்டார். கூட்டம் குறைந்ததும் காகிதத்தில் பொதிந்த ஒரு பொட்டலத்தை மேசை மேல் வைப்பார். "நெத்தோலிக் கருவாடு. அவருக்கு இது உண்டெங்கி ஒரு பிடி சோறு கூட எறங்கும். தோதுப்படும்போ குடுத்து விடு." முதல்முறை திருப்பிக் கொடுத்தேன். வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன், அதற்குள் பஸ் ஏறிவிட்டார். அன்று அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுக்களை ஜன்னலில் வைத்தேன். என் அம்மா நான் வாங்கி வந்தது என்று நினைத்து மறுநாள் பொரித்துவிட்டார். தட்டில் வந்தது. நான் தின்றேன். நல்ல கருவாடு, மணல் இல்லாமல் சுத்தமாகக் காயவைத்தது. தின்றுவிட்டு முற்றத்தில் போய் வெகுநேரம் நின்றேன். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

மஸ்கட்டுக்குப் போன் செய்து சொன்னேன். "நீ தின்னு மக்கா," என்றான். "யாராவது தின்னணும்லா."

வருடத்துக்கு நாலைந்து பொட்டலம் வரும். எல்லாவற்றையும் தின்றேன்.

ஏழு வருடம் ஆனதும், அந்தப் படகில் போன மற்ற எட்டுப் பேரின் குடும்பங்களும் சேர்ந்து நினைவுப் பூசை வைத்தார்கள். எட்டுப் பெயர்களைத்தான் வாசித்தார்கள். ஏழு வருடம் காணாமல் போனால் கிடைக்கும் இறப்புச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தைப் பங்குச் சாமியார் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா கையெழுத்துப் போடவில்லை. சாமியாரிடம் ஒரு வார்த்தைகூட மரியாதைக் குறைவாகப் பேசவில்லையாம். உயிரோடு இருப்பவரை எப்படிச் சாமி, என்றாராம்.

பிறகு தங்கையின் கல்யாணம் வந்தது. பத்திரிகை எங்களிடம்தான் அடிக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். மஸ்கட்டிலிருந்து நண்பன் போன் செய்தான். அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடச் சொன்னான். மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள், போடாவிட்டால் ஆள் எங்கே என்று நூறு பேர் கேட்பார்கள் என்றான். அரை மணி நேரம் கழித்து அம்மா வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. திரையில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டு வந்தார். நான் அந்தச் சொல்லைப் போடவில்லை. நண்பனிடம் அம்மாவின் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவன் திட்டவில்லை. "நீயும் அம்மாக்க ஆளாயிட்ட," என்றான். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னானா என்று போனில் தெரியவில்லை.

கல்யாணம் அவர்கள் ஊர்க் கோயிலில் நடந்தது. நண்பன் லீவில் வந்திருந்தான், முன்னைவிடப் பருத்திருந்தான். லேப் பெண்ணும் கணவனோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்து, நன்றாக இருக்கிறாயா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தாள். பூசை முடிந்து பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது, அம்மா கண்ணால் என்னைக் கூப்பிட்டார். பட்டுச்சேலை அவருக்குப் பழக்கமில்லாததால் தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. பந்தலின் வாசலைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மக்களே, இண்ணைக்கு அவர விட்டிருக்காவளா? பக்கத்துல வராண்டாம். கூட்டத்துல எங்கயாவது நிண்ணு பாத்துட்டுப் போவச் சொன்னியா?"

வெயிலில் ரோட்டோரம் பைக்குகளும் வேன்களும் நின்றன. தெரியாத முகங்கள் நிறைய இருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் வயதான ஒருவர் தனியாக, நிழலுக்காக ஒதுங்கி, பீடி பிடித்தபடி பந்தலுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டு டிரைவராக இருக்கலாம். அம்மா அவரைப் பார்த்துவிட்டாரா என்று தெரியவில்லை. நான் அந்த வயதானவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், கணினியில் வெட்டி எடுத்த அந்த முகத்துக்கு வயது கூட்டிப் பார்த்துக்கொண்டு. அவர் பீடியை அணைத்துவிட்டு வேன்களுக்கு நடுவில் போய்விட்டார்.

நண்பன் வந்து போட்டோவுக்கு அழைத்தான். மணமக்களோடு குடும்பம் மொத்தமும் நிற்க வேண்டும், எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றான்.

"நீங்க போங்க. நான் கொஞ்சம் கழிச்சு வாறேன்," என்றார் அம்மா. அவன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.